எண்ணாமல் விட்ட குழிகள்

2017 மார்ச் மாதம் அப்பா போன் செய்தார். "ஞாயித்துக்கெழம பாயிண்ட் பாக்க ஆள் வர்றாரு. நீயும் வந்தீனா நல்லாருக்கும் கண்ணு." முந்தைய வருடம் வடகிழக்குப் பருவமழை சுத்தமாக ஏமாற்றியிருந்தது. ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்துவிட்டது. ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே இருக்கிற எங்கள் மேட்டாங்காட்டில் மரவள்ளி நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. சனி இரவு பெங்களூரில் பஸ் ஏறினேன்.

நீரோட்டம் பார்க்க வந்தவர் அறுபது வயதுக்காரர். மரியாதையான மனிதர். காசு பேசவில்லை, "வெத்தலபாக்குல வெச்சுக் குடுக்கறதக் குடுங்க" என்றார். ஒரு தேங்காயை மட்டையுரித்து, குடுமியை விட்டுவைத்து, வலது உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காட்டைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கிழக்கு வரப்புக்குப் பக்கத்தில் தேங்காய் மெதுவாக எழுந்து குத்திட்டு நின்றது. அம்மா கும்பிட்டார். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, அதை மறைப்பதற்கில்லை. "இங்க ரெண்டு ஓட்டம் சேருதுங்க. நானூறுல ஒண்ணு, அறநூத்தம்பதுல ஒண்ணு" என்றார்.

ரிக் வண்டி செவ்வாய் இரவு வந்தது. நானூறில் ஒன்றுமில்லை. அறுநூற்றைம்பதில் கொஞ்சம் ஈரமண், பிறகு மறுபடியும் வெள்ளைப் புகை. தொள்ளாயிரம் அடியில் அப்பா நிறுத்தச் சொன்னார். எங்கள் பக்கம் போர் தோற்றுப்போவதைப் 'புகையாப் போச்சு' என்றுதான் சொல்வார்கள். அது உவமை இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் குழியிலிருந்து பாறைத்தூள்தான் புகையாகப் பீறிட்டு வரும். விடிந்ததும் வீட்டுக் கூரை, மாடு, வேப்பமரம் எல்லாம் மாவு பூசியது மாதிரி இருக்கும். அம்மாவின் நகைக்கடன் அன்றைக்கு எங்கள் வேப்பமரத்தின்மேல் படிந்திருந்தது.

நீரோட்டம் பார்த்தவருக்குத் தகவல் சொன்னோம். அவர் அதிர்ச்சியடையவில்லை. "வண்டிக்காரன் கம்பிய நேரா எறக்கலீங்க. ஓட்டம் ரெண்டடி தள்ளிப் போயிருக்கும்" என்றார்.

அந்தப் பதில்தான் என்னை வரலாற்றுக்குள் தள்ளியது. தண்ணீர் வந்திருந்தால் தேங்காய் சொன்னது சரி. வராததால் வண்டிக்காரன் தப்பு. என்ன நடந்திருந்தால் தேங்காய் தப்பு என்று ஆகியிருக்கும்?

இந்த நம்பிக்கை இவ்வளவு காலம் எப்படித் தாக்குப்பிடித்தது என்று பார்க்க வேண்டுமானால், முதலில் எங்கள் மண்ணைப் பார்க்க வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளி முழுக்கக் கரடுமுரடான பழம்பாறையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நைஸ், சார்னோக்கைட் என்று புவியியலாளர்கள் பெயர் சொல்கிற பாறைகள். மேலே மண், அதற்குக் கீழே சில பத்து அடிகளுக்குச் சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப்பாறை. சிதைந்த பாறை பஞ்சு மாதிரி மழைநீரைப் பிடித்து வைத்திருக்கும். கெட்டிப்பாறையிலோ விரிசல் இருந்தால்தான் தண்ணீர். காவிரி ஓரமாக இருப்பவர்களுக்கு ஜேடர்பாளையம் வாய்க்காலும் பிற்பாடு மேட்டூர் அணையும் இருந்தன. மற்ற எல்லோருக்கும் வானமும் கிணறும்தான். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாடு கணக்கெடுப்பிலேயே தெரியும்: 1871க்கும் 1881க்கும் நடுவில் மாவட்டத்தின் மக்கள்தொகை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது. இப்படிப்பட்ட ஊரில் 'எங்கே தோண்டுவது' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறவனுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்பாரு காலத்துக் கிணறு என்பது இருபது, முப்பது அடி அகலமுள்ள ஒரு பெரும் பள்ளம். கடப்பாரையும் வெடிமருந்தும் கொண்டு வருடக்கணக்கில் தோண்டுவார்கள். கவலை மேட்டில் எருதுகள் முன்னும் பின்னும் நடந்து பறியில் தண்ணீர் இறைக்கும். அவ்வளவு அகலமான பள்ளம் சிதைந்த பாறையை நான்கு பக்கமும் வெட்டிக்கொண்டு இறங்குகிறது. நல்ல மழைக்காலத்தில் எந்த மூலையில் தோண்டினாலும் ஓரளவு கசிவு வரத்தான் செய்யும். ஆகவே அன்றைக்குத் தேங்காய் பிடித்தவர் பெரும்பாலும் 'ஜெயித்தார்'. காட்டின் எந்த இடத்தைக் கைகாட்டியிருந்தாலும் ஜெயித்திருப்பார் என்பதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் வசதியில்லை. ஒரு தோட்டத்துக்கு ஒரு கிணறுதானே? இன்னொரு மூலையில் ஒன்று தோண்டி ஒப்பிட்டுப் பார்க்க யாரால் முடியும்?

அப்புறம் ஆழ்துளைக் கிணறு வந்தது. காற்றழுத்தத்தில் இயங்கும் சுத்தியலைத் துளைக்குள்ளேயே இறக்கிக் கெட்டிப்பாறையைப் பொடியாக்கும் தொழில்நுட்பம் 1960களின் கடைசியிலிருந்து இந்தியாவில் மெல்லப் பரவியது. அதை லாரியில் ஏற்றித் தொழிலாக்கியதில் திருச்செங்கோட்டுக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. இன்றைக்கு ராஜஸ்தானிலும் ஒடிசாவிலும், ஏன் ஆப்பிரிக்காவிலும்கூட திருச்செங்கோட்டு ரிக்கைப் பார்க்கலாம். 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. கிணறுகள் வற்ற வற்றக் குழிகள் ஆழமாயின. முப்பதடி அகலப் பள்ளத்தின் இடத்தில் ஆறரை அங்குலத் துளை. கசிவைப் பிடிக்கிற வேலை போய், எண்ணூறு அடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசலைக் குருட்டாம்போக்கில் குத்துகிற வேலை வந்தது. ஆட்டமே மாறிவிட்டது. ஆனால் பழைய ஆட்டத்தில் சம்பாதித்த நல்ல பெயரோடு தேங்காய் புதிய ஆட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. தாத்தா வாங்கிய பட்டத்தைப் பேரன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வது போலத்தான்.

நீரைத் தேடும் கலைக்கு நம் நாட்டில் நீண்ட மரபு உண்டு. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய 'பிருஹத் சம்ஹிதை'யில் நிலத்தடி நீருக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எந்த மரத்துக்குப் பக்கத்தில் புற்று இருந்தால் எந்தத் திசையில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. அதில் பல தவறாக இருக்கலாம். இருந்தாலும் அந்த நூலின்மேல் எனக்கு மரியாதை உண்டு. அது மண்ணைப் பற்றிப் பேசுகிறது, மரம் இருக்கிறதா, புற்று இருக்கிறதா என்று நீங்களும் நானும் போய்ப் பார்க்கலாம், தோண்டிப் பார்த்துத் தப்பென்றும் சொல்லலாம். தேங்காயோ பிடித்திருப்பவரின் கையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. ஐரோப்பாவில் இதே வேலையைக் கவைக்குச்சி செய்தது. 1556இல் அச்சான அக்ரிகோலாவின் சுரங்க நூல் கவைக்குச்சிக்காரர்களை நிதானமாக விவரித்துவிட்டு, இயற்கையின் அடையாளங்களைப் படிக்கத் தெரிந்த நல்ல சுரங்கத் தொழிலாளிக்கு அந்தக் குச்சி தேவைப்படாது என்று முடிக்கிறது. நானூற்றறுபது வருடம் கழித்து எங்கள் வரப்பில் அதே வழக்கு.

சரி, தேங்காய் எப்படி எழுந்து நிற்கிறது? பித்தலாட்டமா? அந்த மனிதர் பித்தலாட்டக்காரர் இல்லை என்று நான் சத்தியம் செய்வேன். இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல விளக்கம் 1853இல் மைக்கேல் பாரடே செய்த ஒரு சோதனை.

அப்போது லண்டனில் 'மேசை சுழற்றல்' என்றொரு பைத்தியம் பிடித்திருந்தது. நாலைந்து பேர் மேசைமேல் கை வைத்து உட்கார்ந்தால் மேசை தானாக நகரும். ஆவி என்றார்கள், மின்சாரம் என்றார்கள், காந்தம் என்றார்கள். மின்சாரம், காந்தம் என்றதும் எல்லோரும் பாரடேயைத்தான் கேட்டார்கள். கல்லூரிப் பக்கமே போகாத, புத்தகம் பைண்டிங் செய்கிற கடையில் வேலை பழகிய மனிதர் அவர். மேசையை நகர்த்துகிறவர்கள் நாணயமானவர்கள் என்று முதலில் ஒப்புக்கொண்டார். எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். பிறகு அட்டைத் துண்டுகளை இளகிய பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, அவர்களின் கைக்கும் மேசைக்கும் நடுவில் வைத்தார். மேசை தானாக நகர்ந்து கையை இழுத்திருந்தால் கீழ் அட்டை முந்தியிருக்க வேண்டும். மேல் அட்டைகள்தான் முந்தியிருந்தன. கைதான் மேசையைத் தள்ளியிருக்கிறது, தள்ளியவருக்கே தெரியாமல். அடுத்து, கை பக்கவாட்டில் துளி அசைந்தாலும் காட்டிக்கொடுக்கிற ஒரு வைக்கோல் முள்ளைப் பொருத்தினார். முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தபோது மேசை அசையவே இல்லை. முள்ளை மறைத்தால் மறுபடி அசைந்தது.

உள்ளங்கையில் படுத்திருக்கிற தேங்காய் எப்போதும் உருளத் தயாராக இருக்கிற ஒரு பொருள். விரல் மயிரிழை மடங்கினால் போதும், எழும். அந்த மடங்கலைச் செய்கிற எண்ணம் கைக்காரரின் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. நாற்பது வருடமாக எங்கள் ஊர்க் காடுகளில் நடந்தவர் அவர். எங்கே பச்சை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, எங்கே நிலம் தாழ்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வரப்பு ஓரம் அவர் கைக்குப் பிடித்துப்போயிருக்கலாம்.

இதைப் படித்த பிறகு நானும் ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு கிழக்கு வரப்புக்கு நடந்தேன். அவர் காட்டிய இடத்தில் அது நின்றது. பாரடேயைப் படித்தவன், கையைக் கவனித்துக்கொண்டே நடந்தவன், அப்படியும் என் விரல் மடங்கியது எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் அதைவிடச் சங்கடமான ஒரு நிமிடத்தை நான் சந்தித்ததில்லை. பிறகு அப்பாவின் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தேன். தேங்காய் கட்டுத்தரைக்குப் பக்கத்தில் ஒருமுறை, சாணிக்குப்பையில் ஒருமுறை நின்றது. நீரோட்டம் பார்ப்பவரிடமும் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கண்ணக் கட்டுனா வராதுங் தம்பி. மனசு ஒருநெலப்படோணும்" என்றார். கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

கண்ணைக் கட்டிய சோதனையைப் பெரிய அளவில் செய்தவர்கள் ஜெர்மானியர்கள். 1987-88இல் மியூனிக் அருகே ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஓடும் குழாயை வண்டியில் வைத்து இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மேல்தளத்தில் குச்சிக்காரர்கள் குழாய் எங்கே என்று சொல்ல வேண்டும். சுமார் ஐந்நூறு பேரிலிருந்து பொறுக்கியெடுத்த 43 பேர், 843 தடவை. நடத்திய பேராசிரியர்கள் சிலருக்கு அபூர்வத் திறமை இருப்பதாக அறிவித்தார்கள். அதே எண்களை மறுபடி எடுத்துப் பார்த்த ஜிம் என்ரைட் என்ற ஆய்வாளர், மிகச்சிறந்த குச்சிக்காரரும் பத்து மீட்டர் கோட்டில், கண்ணை மூடிக்கொண்டு 'நடுவில்' என்று சொல்லியிருக்கக் கூடியவரைவிடச் சராசரியாக நான்கு மில்லிமீட்டர்தான் நெருங்கியிருக்கிறார் என்று காட்டினார். எப்படி இப்படி இரண்டு முடிவு? முதல் கோஷ்டி ஜெயித்தவர்களைப் பிரித்தெடுத்துப் பார்த்தது. என்ரைட் எல்லோரையும் எண்ணினார், ஜெயித்தவர்கள் அடுத்த சுற்றிலும் ஜெயித்தார்களா என்றும் பார்த்தார்.

தாய்மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கறுப்புச் சட்டைக்காரர். 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாடு எங்கள் சேலத்தில் நடந்தது என்பதில் இன்றைக்கும் அவருக்குப் பெருமை. கோயில் வாசல் மிதிக்க மாட்டார், கல்யாணத்தில் ஐயர் வைக்கவில்லை, என் ஜாதகத்தைக் கிழித்துப் போட்டவர் அவர்தான். அவர் தோட்டத்துப் போருக்கும் தேங்காய் வைத்துத்தான் பாயிண்ட் பார்த்தார்கள். கேட்டால், "அது சாமி சமாச்சாரம் இல்ல மாப்ள. அது ஒரு சயின்ஸு. பூமிக்குள்ள காந்த சக்தி" என்றார். நான் சிரித்தேன், ஆனால் எனக்குச் சிரிக்க உரிமை இல்லை. நிகழ்தகவில் நல்ல மார்க் வாங்கிய பொறியாளன் நான். தேங்காய் நின்றபோது என் முதல் கேள்வி 'உண்மையா' என்பதாக இல்லை. 'எத்தனை இஞ்ச் தண்ணி வரும்' என்பதாக இருந்தது. எதையெல்லாம் மறுப்பது என்று மாமாவுக்கு ஒரு பட்டியல் கிடைத்தது, எதையெல்லாம் படிப்பது என்று எனக்கு ஒரு பட்டியல் கிடைத்தது. தேங்காய் இரண்டு பட்டியலிலும் இல்லை. இலங்கையில் ஆபிரகாம் கோவூர் 1963இல் ஒரு லட்ச ரூபாய் பந்தயம் வைத்தபோது, எது நடந்தால் ஜெயம், எது நடந்தால் தோல்வி என்பதை முன்கூட்டியே பேசி முடிக்கச் சொன்னார். அந்த ஒரு பழக்கம் எங்கள் இருவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

இப்படிப் பேசுகிறவன் மாற்று ஒன்று சொல்ல வேண்டுமல்லவா? தெரிந்த புவியியல் ஆசிரியர் ஒருவரை மின்தடைக் கருவியோடு அழைத்து வந்தேன். நிலத்தில் நான்கு கம்பிகளை அடித்து, மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்ப்பார்கள். பிரான்சில் ஷ்லும்பெர்ஜே 1912இல் தொடங்கிவைத்த முறை. அரைநாள் வேலை செய்துவிட்டு அவர் சொன்னார்: "மேக்கால அறுபதடி வரைக்கும் பாறை செதஞ்சிருக்குங்க. கிழக்க அதுகூட இல்ல. அறுபதுக்குக் கீழ விரிசல் இருக்கலாம், இல்லாமயும் போகலாம்."

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மெசின் சொல்ற எடத்துல ஓட்டுனா தண்ணி வருமா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுங்கப்பா."

"அவரு வரும்ங்கறாரே."

இதற்கு நான் இன்றுவரை நல்ல பதில் கண்டுபிடிக்கவில்லை. கடன் வாங்கித் துளை போடுகிறவனுக்கு 'இருக்கலாம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? தேங்காய்க்காரர் விற்பது தண்ணீரை இல்லை, ராத்திரி ரிக்கைக் கூப்பிடுகிற தைரியத்தை. அந்தத் தைரியத்தில் இன்னொரு கேள்வி அமுங்கிப்போகிறது. எங்கே தண்ணீர் என்று எல்லோரும் கேட்கிறோம். தண்ணீர் மிச்சமிருக்கிறதா என்று கேட்பதில்லை. எங்கள் மாவட்டங்களில் பல வட்டாரங்களில் மழை நிரப்புவதைவிட அதிகமாக நிலத்தடி நீரை உறிஞ்சுகிறோம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பக்கத்துத் தோட்டம் ஆயிரம் அடி போனால் நாங்கள் ஆயிரத்து இருநூறு. தேங்காய் ஒருபோதும் 'இந்தக் காட்டில் எங்குமே இல்லை' என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கேயாவது ஓரிடத்தில் கட்டாயம் எழுந்து நிற்கும்.

2019 தீபாவளிக்கு ஊரில் இருந்தேன். மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிட்ட போர்க்குழிக்குள் விழுந்திருந்தது. ஊரே டிவி முன்னால். பட்டாசுச் சத்தம் அந்த வருடம் குறைவாக இருந்ததாக ஞாபகம். குழந்தையை உயிரோடு எடுக்க முடியவில்லை. கைவிட்ட குழிகளை மண்ணும் கல்லும் போட்டு அடைக்க வேண்டும் என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. ஆனால் எந்தக் காட்டில் எத்தனை குழி என்று யாரிடம் கணக்கு இருக்கிறது?

மறுநாள் காலையில் அப்பா மண்வெட்டியை எடுத்தார். "நம்ம குழியெல்லாம் மூடியிருக்குதான்னு ஒருக்காப் பாத்துரலாம், வா."

எங்கள் காட்டில் மூன்று போர் போட்டோம் என்பதுதான் வீட்டில் வழங்கும் கதை. இரண்டில் தண்ணீர் வந்தது, ஒன்று புகையாகப் போனது. மூன்றில் இரண்டு, மோசமில்லைதானே? அப்பத்தாவைக் கட்டிலோடு திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டே நடந்தோம். "புளியமரத்துக்கு வடவரம் ஒண்ணு இருக்குது பாரு" என்றது அப்பத்தா. இருந்தது. பலகைக்கல் போட்டு மூடி, அதன்மேல் கோரை முளைத்திருந்தது. "கோழிப்பண்ணைக்குன்னு ஒண்ணு ஓட்டுனீங்களே?" அதுவும் இருந்தது, தகரத்துக்கு அடியில். மதியத்துக்குள் ஏழு ஆகிவிட்டது. ஏழிலும் தேங்காய் நின்றிருக்கிறது.

ரோமாபுரி அறிஞர் சிசரோ ஒரு கதை சொல்கிறார். டயாகரஸ் என்ற கிரேக்க நாத்திகரிடம் ஒருவர், கடற்புயலில் வேண்டிக்கொண்டு பிழைத்தவர்கள் கோயிலில் மாட்டிய ஓவியங்களைக் காட்டி, தெய்வம் இல்லை என்கிறாயே, இத்தனை பேரைப் பார் என்றாராம். டயாகரஸ், வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களை எங்கே வரைந்து மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டாராம். எங்கள் வீட்டில் தண்ணீர் வந்த இரண்டு போருக்கும் பூசை நடந்திருக்கிறது, பொங்கல் வைத்திருக்கிறோம், ரிக் வண்டியோடு எடுத்த போட்டோகூட ஒன்று இருக்கிறது. மற்ற ஐந்துக்கும் பலகைக்கல். யாரும் பொய் சொல்லவில்லை. தோற்ற குழியைப் பற்றி விசேஷ வீட்டில் பேசினால் நன்றாகவா இருக்கும்?

மென்பொருள் வேலையில் ஒரு நிரல் ஏன் கவிழ்ந்தது என்று கண்டுபிடிக்க எங்களிடம் இருப்பது லாக் மட்டும்தான். வெற்றியைவிடத் தோல்வியை அக்கறையாகப் பதிந்துவைக்கிற ஒரே இடம் அதுதானோ என்னவோ. அன்று மாலை ஒரு நோட்டு வாங்கி வந்தேன். எந்த வருடம், எத்தனை அடி, கேசிங் எவ்வளவு தூரம் இறங்கியது, எந்த ஆழத்தில் ஈரம், எந்த நிறத்தூள், பாயிண்ட் பார்த்தது யார், என்ன சொன்னார், என்ன வந்தது. மாமா தோட்டத்துக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கினேன். கேசிங் இறங்கிய அளவை வரிசையாக எழுதியபோதே ஒன்று தெரிந்தது: தண்ணீர் வந்த இரண்டும் மேற்குப் பக்கம், சிதைந்த பாறை ஆழமாக இருக்கிற இடத்தில். இரண்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதையும் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பேசவில்லை. அப்பத்தா தூங்கிவிட்டதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டுல ஒண்ணு ஓட்டுனேன். தெக்க, நம்ம பழைய கெணத்துக்கும் ஓடைக்கும் நடுவுல. உங்க அப்பாருக்குத் தெரியாது. ராத்திரியோட ராத்திரியா மூடிட்டேன்" என்றார். "அதையும் எழுதிக்க."

எட்டு என்று எண் போட்டேன்.

"எத்தனை அடிங்கப்பா?"

"அறநூத்தி நாப்பது."

"தண்ணி?"

"பொகை."